தீயைத் தடுக்கும், நலத்தைக் கெடுக்கும்

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள். ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங் வட்டாரத்தில் அருகருகே அமைந்த இரண்டு பள்ளிகளில் மாணவர்கள் பலருக்குத் திடீரென மூச்சுத் திணறலும் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்பட்டன. அப்பகுதியில் ஓடும் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். 20 முதல் 40 டன் வரை இருக்கும் என மதிப்பிடப்பட்ட அந்தக் கழிவிலிருந்து எழுந்த நச்சு வாயு காற்றில் பரவியது. ஏறக்குறைய 6000 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 2700க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மார்ச் 13ஆம் நாள், பாசீர் கூடாங்கில் உள்ள 111 பள்ளிகளை மூடுமாறு கல்வி அமைச்சு உத்தரவிட்டது.

அந்தத் துயர நிகழ்வில் நஞ்சு தன் வரவைத் தானே அறிவித்தது. காற்றில் கடுமையான நெடி வீசியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. மக்கள் ஆபத்தை உடனே உணர்ந்தனர். அரசும் விரைந்து செயல்பட வேண்டியதாயிற்று.

ஆனால், எல்லா நஞ்சும் இப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. நெடி இல்லாமல், வீட்டின் வரவேற்பறையிலேயே தங்கி, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக உடலில் சேரும் நஞ்சும் உண்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உறை, கணினி, நுரை மெத்தை, சாய்வு நாற்காலியின் பஞ்சு, திரைச்சீலை ஆகியவற்றில் பல்லாண்டுகளாகக் கலக்கப்பட்டு வந்த புரோமின் தீத்தடுப்பு இரசாயனங்கள் அத்தகையவை. மனிதனைத் தீயிலிருந்து காப்பதற்காகவே அவை உருவாக்கப்பட்டன. காக்க வந்த பொருளே கேடு விளைவிப்பது எப்படி? அக்கேட்டைத் தடுப்பது யார் பொறுப்பு?

தீக்கு எதிரான காவலன்

புரோமின் ஒரு தனிமம். 1826ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டு இளம் வேதியியலாளரான அந்துவான் பலார் கடல் உப்புநீரை ஆராய்ந்தபோது அதைக் கண்டறிந்தார். செம்பழுப்பு நிறத்தில், ஆவியாகிக்கொண்டே இருக்கும் அந்தத் திரவம் மூக்கைத் துளைக்கும் நாற்றம் கொண்டது. அதனால், துர்நாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் புரோமின் எனப் பெயர் வைத்தனர். நாற்றத்தையே பெயராகக் கொண்ட இந்தத் தனிமத்திலிருந்துதான் பின்னாளில் மூக்கால் அறிய முடியாத ஒரு நஞ்சுக் குடும்பம் தோன்றியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெகிழிப் பொருள்கள் வீடெங்கும் நிறைந்தன. மரம், பருத்தி, இரும்பு ஆகியவற்றின் இடத்தைப் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்பட்ட நெகிழியும் செயற்கை நுரையும் பிடித்துக்கொண்டன. இவை எளிதில் தீப்பற்றக் கூடியவை. பற்றினால் வேகமாக எரியக் கூடியவை. மின்சாரம் பாயும் ஒரு பெட்டியின் உறை நெகிழியால் ஆனது என்றால், உள்ளே ஏற்படும் ஒரு சிறு மின்கசிவு வீட்டையே எரித்துவிடலாம். எனவே, நெகிழியை எளிதில் எரியவிடாத ஒரு பொருளைத் தொழிற்சாலைகள் தேடின. புரோமின் சேர்மங்கள் அதற்குப் பொருத்தமாக அமைந்தன.

அவை செயல்படும் விதம் வியப்பானது. நெகிழி சூடேறும்போது சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளியிடுகிறது. அந்த வாயுக்களில் உருவாகும் சில துடிப்பான அணுத்துகள்கள் ஒன்றையொன்று தூண்டிவிட, தீ சங்கிலித் தொடராக வளர்கிறது. ஏறக்குறைய அதே வெப்பநிலையில் புரோமினும் விடுபடுகிறது. அது அந்தத் துடிப்பான துகள்களைப் பிடித்து அடக்குகிறது. சங்கிலி அறுபடுகிறது, தீ தணிகிறது அல்லது பரவத் தாமதமாகிறது. அந்தச் சில நிமிடத் தாமதம் ஓர் உயிரைக் காப்பாற்றப் போதுமானது. ஆகவே, இந்த இரசாயனங்களை உருவாக்கியவர்கள் தீய எண்ணத்துடன் செயல்பட்டார்கள் என்று கூறிவிட முடியாது. அவர்கள் தீர்க்க முயன்ற சிக்கல் உண்மையானது.

குறை வேறிடத்தில் இருந்தது. புரோமின் தீத்தடுப்பான்களுள் சில நெகிழியுடன் வேதியியல் முறையில் பிணைந்துவிடுகின்றன. மற்றவையோ நெகிழியில் வெறுமனே கலந்து மட்டுமே இருக்கின்றன. பாலிபுரோமினேட்டட் டைஃபீனைல் ஈதர், சுருக்கமாகப் பி.பி.டி.இ. எனப்படும் வகை இத்தகையது. ஊதுபத்தியில் கலந்துள்ள வாசனைப் பொருளை இதற்கு ஒப்பிடலாம். ஊதுபத்தியைக் கொளுத்தவே வேண்டாம்; பெட்டியைத் திறந்ததுமே மணம் வெளிவருகிறது. அவ்வாறே பி.பி.டி.இ. பொருளில் நிலையாகத் தங்காமல் நாளடைவில் வெளியேறித் தூசியில் படிகிறது. வேறுபாடு ஒன்றே: ஊதுபத்தியின் மணத்தை மூக்கு அறியும், இதனை அறியாது.

பை மாறிய கதை

இந்த இரசாயனங்களின் கேட்டை உலகம் முதன்முதலில் உணர்ந்தது ஒரு தவற்றின் மூலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஓர் இரசாயனத் தொழிற்சாலை இருவேறு பொருள்களைத் தயாரித்து வந்தது. ஒன்று, கால்நடைத் தீவனத்தில் கலக்கும் மெக்னீசியம் ஆக்சைடு. அதன் வணிகப் பெயர் நியூட்ரிமாஸ்டர். மற்றொன்று, பாலிபுரோமினேட்டட் பைஃபீனைல் என்னும் தீத்தடுப்பான். அதன் வணிகப் பெயர் ஃபயர்மாஸ்டர். 1973ஆம் ஆண்டில் பைகள் மாறின. தீத்தடுப்பான் தீவன ஆலைக்குச் சென்றது. தீவனத்தோடு கலந்து மாநிலமெங்கும் உள்ள பண்ணைகளை அடைந்தது.

மாடுகள் தீவனம் தின்ன மறுத்தன. பால் குறைந்தது. குளம்புகள் கோணலாக வளர்ந்தன. வேதிப் பொறியியல் படித்திருந்த ஒரு பண்ணையாளர், தீவனத்தில்தான் கோளாறு என்று சந்தேகித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வகங்களை நாடினார். உண்மை வெளிப்பட 1974ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அதற்குள் பாலும் இறைச்சியும் முட்டையும் கடைகள் வழியாக மக்களின் உணவு மேசைக்குச் சென்றுவிட்டன. ஏறக்குறைய 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் கொன்று புதைக்கப்பட்டன.

கதை அத்துடன் முடியவில்லை. மிச்சிகன் மக்களின் உடல்நலம் பல்லாண்டுகளாகக் கண்காணிக்கப்பட்டு வருகிறது. எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நச்சுணவை உண்டவர்களை மட்டுமன்றி அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆராய்ந்து வருகின்றனர். நிகழ்வு நடந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பலரின் இரத்தத்தில் அந்த இரசாயனம் காணப்பட்டது. அது எளிதில் சிதைவதில்லை. உடல் கொழுப்பில் கரைந்து தங்கிவிடுகிறது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதனை வகைப்படுத்தியுள்ளது.

வீட்டுத் தூசியும் குழந்தையின் உடலும்

மிச்சிகனுக்குப் பின் அந்தக் குறிப்பிட்ட இரசாயனம் கைவிடப்பட்டது. ஆனால், அதன் இடத்தைப் பெரும்பாலும் அதன் உறவினரான பி.பி.டி.இ. பிடித்துக்கொண்டது. இதன் விளைவை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள். ஸ்டாக்ஹோம் நகரில் 1972 முதல் 1997 வரை சேகரித்துப் பாதுகாக்கப்பட்டிருந்த தாய்ப்பால் மாதிரிகளை அவர்கள் ஆராய்ந்தனர். அக்காலக்கட்டத்தில் மற்ற பல நச்சுப் பொருள்களின் அளவு குறைந்து வந்திருக்க, பி.பி.டி.இ. அளவு மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. இதனால் தாய்ப்பால் தீங்கானது எனப் பொருள் கொள்ளக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பாலே மிகச் சிறந்த உணவு என்பதே மருத்துவ உலகின் கருத்து. அன்னையின் உடலுக்குள் இந்த இரசாயனம் எவ்வளவு ஆழமாக நுழைந்துவிட்டது என்பதையே அந்த ஆய்வு காட்டியது.

அது எப்படி உடலுக்குள் நுழைகிறது? உணவு ஒரு வழி. மீன், இறைச்சி, பால் ஆகியவற்றின் கொழுப்பில் அது சேர்ந்திருக்கும். மற்றொரு முக்கியமான வழி வீட்டுத் தூசி. பெரியவர்களைவிடத் தரையில் தவழும் குழந்தைக்கே தூசியுடன் நெருக்கம் அதிகம். குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. கிடைத்த பொருளைக் கடிக்கிறது. அதன் உடல் எடையோ மிகக் குறைவு. எனவே, ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் தாத்தாவின் உடலில் சேரும் அளவைவிடக் குழந்தையின் உடலில் எடைக்கு ஏற்பச் சேரும் அளவு கூடுதலாகிறது.

இதற்கு வீட்டுப் பூனையும் சாட்சி சொல்கிறது. பூனை தரையில் புரள்கிறது. தன் உடலை நக்கியே தூய்மை செய்துகொள்கிறது. உரோமத்தில் ஒட்டிய தூசி அதன் வயிற்றுக்குள் செல்கிறது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வீட்டுப் பூனைகளின் இரத்தத்தில் இருந்த பி.பி.டி.இ. அளவு, அந்நாட்டுப் பெரியவர்களிடம் பொதுவாகக் காணப்படும் அளவைவிட 20 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. வயதான பூனைகளிடையே தைராய்டு சுரப்பி நோய் பெருகியதற்கு இது காரணமாக இருக்கலாமோ என்ற ஐயத்தை அந்த ஆய்வு எழுப்பியது.

தைராய்டு சுரப்பி இங்கே பேசப்படுவது தற்செயலன்று. கழுத்தின் முன்பகுதியில் அமைந்துள்ள இச்சுரப்பி, தைராக்சின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் அது இன்றியமையாதது. தைராக்சின் மூலக்கூற்றில் இரு வளையங்களும் அவற்றில் நான்கு அயோடின் அணுக்களும் உள்ளன. பி.பி.டி.இ. மூலக்கூற்றிலும் இரு வளையங்கள் உள்ளன. அயோடினுக்குப் பதிலாகப் புரோமின் அணுக்கள் உள்ளன. தனிம அட்டவணையில் புரோமினும் அயோடினும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இந்த உருவ ஒற்றுமையால் பி.பி.டி.இ. தைராய்டு இயக்குநீரின் பணியில் குறுக்கிடுகிறது. பூட்டுக்குள் போலிச் சாவி நுழைந்துகொண்டால், உண்மையான சாவிக்கு இடமில்லாமல் போவது போன்றது இது.

மூளை மிக வேகமாக வளரும் காலம் தாயின் கருவறையில் இருக்கும் காலமாகும். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் கலிபோர்னியா மாநிலத்தின் சலினாஸ் பள்ளத்தாக்கிலும் தாய்மாரையும் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உள்ளன. கருவுற்ற காலத்தில் பி.பி.டி.இ.க்கு அதிகம் உட்பட்ட பிள்ளைகள், கவனம், அறிவுத்திறன் ஆகியவற்றை அளக்கும் சோதனைகளில் பொதுவாகக் குறைந்த புள்ளிகளைப் பெற்றதாக அவை கூறுகின்றன. ஒரு குறிப்பிட்ட மாணவரைக் காட்டி, இவருடைய கவனக் குறைவுக்கு இந்த இரசாயனமே காரணம் என யாராலும் கூற முடியாது. ஆயினும், ஒரு தலைமுறை முழுவதும் சிறிதளவு இழப்பைச் சந்தித்தால், ஒரு நாட்டுக்கு அது பேரிழப்பே ஆகும்.

ஒன்று போய் மற்றொன்று

கேடு தெரிந்த பின் உலக நாடுகள் வாளாவிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்சார, மின்னியல் கருவிகளில் இவ்விரு வகை இரசாயனங்களின் அளவை 0.1 விழுக்காட்டிற்குள் கட்டுப்படுத்தியது. நிலைத்து நிற்கும் கரிம மாசுகளை ஒழிக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த இரசாயனங்கள் அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டன.

எனினும், ஒரு பழைய சிக்கல் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. ஓர் இரசாயனம் தடை செய்யப்பட்டால், அதைப் போன்றே அமைந்த, முழுமையாக ஆராயப்படாத மற்றோர் இரசாயனம் அதன் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து அதன் கேடும் தெரிய வருகிறது. மீண்டும் தடை, மீண்டும் மாற்று எனச் சக்கரம் சுழல்கிறது. பேயை ஓட்டப் பிசாசை அழைத்த கதைதான்.

அப்படியானால், தீயையோ நஞ்சையோ ஏற்றுத்தான் ஆக வேண்டுமா? கலிபோர்னியாவின் அனுபவம் வேறு விடை தருகிறது. அங்கு 1975ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விதியின்படி, நாற்காலிகளின் உள்ளே உள்ள நுரை, சிறு தீச்சுடரை 12 வினாடி தாங்க வேண்டும். அதற்காக நுரையில் தீத்தடுப்பு இரசாயனங்கள் ஏராளமாகக் கலக்கப்பட்டன. ஆனால், தீ முதலில் பற்றுவது மேலே உள்ள துணியில்தானே? துணி எரியத் தொடங்கிவிட்டால் உள்ளே உள்ள நுரையால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? இதனை உணர்ந்து 2013ஆம் ஆண்டு அவ்விதி திருத்தப்பட்டது. அணையாத சிகரெட் போன்ற கனலை மேல்துணி தாங்குகிறதா என்பதே புதிய சோதனை. நெருக்கமாக நெய்த துணியைப் பயன்படுத்தினால் இரசாயனம் இன்றியே அச்சோதனையில் தேறலாம். நஞ்சைக் கூட்டுவதைவிட வடிவமைப்பை மாற்றுவதே மேல் என்பது இதனால் புலனாகிறது.

பழைய பெட்டி எங்கே போகிறது?

சட்டம் இன்று தடுத்தாலும், நேற்று விற்கப்பட்ட பொருள்கள் மறைந்துவிடவில்லை. அவை வீடுகளிலும் கிடங்குகளிலும் இன்னும் இருக்கின்றன. மலேசியாவின் குடியிருப்புப் பகுதிகளில் ஒலிபெருக்கி கட்டிய லாரி ஒன்று மெல்ல ஊர்ந்து வருவது வழக்கம். "சூராட் காபார் லாமா, பெசி பூரோக்" என்று அது குரல் கொடுத்துக்கொண்டே போகும். பழைய நாளிதழ், பழைய இரும்பு, உடைந்த மின்விசிறி, படம் தெரியாத தொலைக்காட்சிப் பெட்டி என எதையும் அது ஏற்றுக்கொள்ளும். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பொருள் போய்விட்டதே என்று வீட்டார் மகிழ்வர். கையில் சில ரிங்கிட்டும் கிடைக்கும். ஆனால், பெட்டியின் பயணம் அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது.

அப்பெட்டி முறையான ஆலைக்குச் சென்றால், பாதுகாப்பாகப் பிரிக்கப்படும். முறையற்ற பட்டறைக்குச் சென்றால், கதை வேறு. செம்புக் கம்பிக்காக அதன் மேலுறை எரிக்கப்படும். மின்சுற்றுப் பலகைகள் திறந்த வெளியில் சூடாக்கப்படும். முறையாகக் கட்டுப்படுத்தப்படாத நெருப்பில் புரோமின் கலந்த நெகிழி எரியும்போது, புரோமின் கொண்ட டையாக்சின், ஃபியூரான் முதலிய மிகக் கொடிய நச்சுகள் உருவாகின்றன. தீயைத் தடுக்க வந்த பொருள், தீயிலேயே தன்னைவிடக் கொடிய நஞ்சைப் பெற்றெடுக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் முகக்கவசம்கூட இல்லாமல் அங்கு வேலை செய்யும் தொழிலாளரே. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் உள்ள குய்யூ நகரம் இத்தகைய வேலைக்குப் பெயர் போனது. அங்கு மண்ணிலும் தூசியிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் நச்சுப் பொருள்கள் மிகுந்திருந்ததை ஆய்வுகள் உறுதி செய்தன.

பழைய நெகிழி எரிக்கப்படாமல் உருக்கப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. கருமை நிறத் தொலைக்காட்சி உறையும் கணினி உறையும் மீண்டும் உருக்கப்பட்டு, விளையாட்டுப் பொருளாகவும் சமையலறைக் கரண்டியாகவும் புதுப்பிறவி எடுக்கின்றன. 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு, தீத்தடுப்பான் தேவையே இல்லாத பல கருநிற நெகிழிப் பொருள்களில் புரோமின் இருப்பதைக் காட்டியது. மறுசுழற்சி நல்ல செயல்தான். ஆனால், எதை மறுசுழற்சி செய்கிறோம் என்பதை அறியாமல் செய்தால், நஞ்சும் கூடவே சுழலும்.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் டன் மின்னியல் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி செல்வ நாடுகளிலிருந்து மற்ற நாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. 2018ஆம் ஆண்டு சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், மலேசியாவை நோக்கி வந்த கழிவின் அளவு பெருகியது. மலேசியா அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சட்டத்திற்குப் புறம்பாக வந்த 150 கொள்கலன் நெகிழிக் கழிவைப் பல நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசு அறிவித்தது.

சிப்பி சொல்லும் செய்தி

நிலத்தில் கொட்டப்படும் நஞ்சு மழைநீரோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் செல்கிறது. கிம் கிம் ஆறு ஜொகூர் நீரிணையை அடையும் பகுதியில் பாசீர் பூத்தே என்னும் மீனவக் கிராமம் உள்ளது. அங்குள்ள மக்கள் மீன் பிடிப்பதோடு பச்சைச் சிப்பியும் வளர்க்கின்றனர். ஜொகூர் நீரிணையின் பூர்வகுடி மக்களாகிய ஓராங் செலேத்தார் இனத்தவரும் தலைமுறை தலைமுறையாக இக்கடலையே நம்பி வாழ்பவர்கள்.

பச்சைச் சிப்பி கடல்நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. நீரில் உள்ள மாசும் அதன் உடலில் தங்கிவிடுகிறது. இருந்த இடத்தைவிட்டு நகராததால், அந்த இடத்தின் நிலையை அது உண்மையாக எடுத்துக் காட்டுகிறது. எனவே, கடலின் தூய்மையை அறிய அறிவியலாளர்கள் சிப்பியை நாடுகின்றனர். மலேசியா, இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பீன்சு, வியட்நாம் உள்ளிட்ட ஆசிய நாடுகளின் கரையோரச் சிப்பிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2007ஆம் ஆண்டு வெளியானது. ஆராயப்பட்ட எல்லா மாதிரிகளிலும் பி.பி.டி.இ. இருந்தது. அளவு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபட்டது. ஆனால், அது அறவே இல்லாத கரை ஒன்றுகூட அந்த ஆய்வில் தென்படவில்லை.

சிப்பியை நண்டு உண்ணும். சிறு மீனைப் பெரிய மீன் உண்ணும். கொழுப்பில் தங்கும் நஞ்சு உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவடைகிறது. அச்சங்கிலியின் உச்சியில் மனிதன் இருக்கிறான். தூக்கி எறிந்த பொருள் வேறோர் உருவில் உணவுத் தட்டுக்கே திரும்பி வருகிறது.

பொறுப்பு யாருடையது?

பழைய பொருள் வாங்கும் லாரிக்காரரையோ, பட்டறையில் கம்பி உரிக்கும் தொழிலாளரையோ குற்றம் சாட்டுவது எளிது. எய்தவன் இருக்க அம்பை நோவது முறையன்று. முதல் பொறுப்பு, பொருளைத் தயாரிப்பவரைச் சேரும். என்ன இரசாயனம் கலக்கப்பட்டுள்ளது என்பதை வெளிப்படையாகத் தெரிவிப்பதும், பயன்பாடு முடிந்த பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவரின் கடமையாகும்.

அடுத்த பொறுப்பு அரசினுடையது. மலேசியாவில் மின்னியல் கழிவு, 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளின்கீழ் எஸ்.டபிள்யூ.110 என்னும் குறியீட்டில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. உரிமம் பெறாதவர் அதைக் கையாள்வது குற்றம். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, கடுமையான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்ச வரம்பு 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. கழிவுகளின் நாடு கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையும் திருத்தம் கண்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி, எந்த வகை மின்னியல் கழிவானாலும், பெறும் நாட்டின் முன் அனுமதியின்றி அனுப்பக் கூடாது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; கொள்கலனைத் திறந்து பார்க்கும் அதிகாரி வரை அது சென்றடைய வேண்டும்.

மூன்றாவது பொறுப்பு ஒவ்வொரு குடும்பத்தையும் சேரும். அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் எழும்; ஈரத் துணியால் துடைத்தால் அது அகலும். உண்பதற்கு முன் கை கழுவும் பழக்கம் கிருமியை மட்டுமன்றித் தூசியில் உள்ள இரசாயனத்தையும் அகற்றும். கிழிந்து நுரை வெளித்தெரியும் பழைய மெத்தையிலும் நாற்காலியிலும் சிறு குழந்தைகளை விளையாடவிடக் கூடாது. மின்கருவிகளை வீட்டில் உடைப்பதும், குப்பையோடு சேர்த்து எரிப்பதும் அறவே கூடாது. பழுதான கருவியைச் சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாக இயங்கும் கைப்பேசியைப் புதிய வடிவம் வந்துவிட்டது என்பதற்காக மாற்றாமல் இருப்பதே கழிவைக் குறைக்கும் முதல் வழி.

இந்த முயற்சிகள் பயன் தருமா என்று ஐயுறுவோர் உண்டு. அதற்கும் சுவீடன் நாட்டுத் தாய்ப்பாலே விடை சொல்கிறது. பி.பி.டி.இ. பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பின், பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த அளவு 1997ஆம் ஆண்டுக்குப் பின் இறங்கத் தொடங்கியது. மனிதன் சேர்த்த நஞ்சை மனிதனே குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கிம் கிம் ஆற்றில் கழிவு கொட்டப்பட்டபோது ஒரு நகரமே விழித்துக்கொண்டது. ஏனெனில், அந்த நஞ்சுக்கு நெடி இருந்தது. நெடியில்லாத நஞ்சுக்கு எதிராக விழித்திருக்க மூக்கு உதவாது. அறிவுதான் உதவ வேண்டும். அடுத்த முறை அந்த லாரியின் ஒலிபெருக்கி தெருமுனையில் கேட்கும்போது, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய பெட்டி எங்கே போய்ச் சேரும் என்று ஒருவர் கேட்டாலே போதும். அந்த ஒரு கேள்வியால், எங்கோ ஒரு பட்டறையில் எழவிருந்த புகை எழாமலே போகலாம்.